முதிர்ந்த வண்டு: பார்க்கவில்லை

யார் எதைச் சொன்னாலும், நான் வேலை செய்த வீட்டு அம்மா, சினியோரா, முதலில் கேட்பது ஒன்றைத்தான்: "பாத்தனீங்களோ?"

பால் திரைந்துவிட்டது என்றாலும் அதே கேள்வி. மேல்வீட்டுப் புருசன் பெண்சாதிக்குள் ஒத்துவரவில்லையாம் என்றாலும் அதே கேள்வி. மழை வரப்போகிறது என்று கத்திக்கொண்டு பல்கனிக் கொடியிலிருந்து உடுப்புகளை அள்ளி வருவேன். கதவடியில் நின்றுகொண்டு, "மழையைப் பாத்தனீங்களோ, மேகத்தைப் பாத்தனீங்களோ?" என்பார். மேகத்தைத்தான் என்றால், "அப்ப மேகம் வருகுது எண்டு சொல்லுங்கோ." இரண்டு கையிலும் ஈர உடுப்போடு நிற்கிறவளுக்கு எப்படி இருக்கும்? எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவர் பேசியது இத்தாலியன். ஆனால் என் நினைவில் அவருடைய குரல் எங்கள் தமிழில்தான் கிடக்கிறது. அப்படியே எழுதுகிறேன். ஒன்றை மட்டும் நான் கூட்டிச் சொல்லவில்லை. அவர் என்னை ஒருநாளும் 'நீ' என்று பேசியதில்லை. பலெர்மோவில் அதற்கு முன் நான் வேலை செய்த வீடுகளில் எல்லாம் நான் அவர்கள் வைத்த 'மரியா', எல்லாருக்கும் 'நீ'. இவர் என் பெயரைக் கேட்டு, நாலைந்து தரம் சொல்லிப் பழகி, முழுப் பெயரையும் சொல்லி, 'நீங்கள்' போட்டுத்தான் கூப்பிட்டார். வீட்டைத் துடைக்க வந்தவளுக்கு அது முதலில் கூச்சமாகத்தான் இருந்தது.

லிபெர்த்தாத் தெருவில் மூன்றாம் மாடி வீடு. உயரமான கதவுகள், நல்ல தளபாடங்கள். ஆனால் உள்ளே போனால் மாட்டுக் கொட்டிலுக்குப் பின்னால் இருக்கும் எருக்கும்பியின் மணம். வேலை கேட்டுப் போன அன்று, பழைய சினியோரா தந்த நற்சான்றுக் கடிதத்தை நீட்டினேன். அவர் பிரிக்கவேயில்லை. "அவ பாத்ததை அவ எழுதியிருக்கிறா. நான் இனித்தானே பாக்கப்போறன்" என்று திருப்பித் தந்துவிட்டு, ஒரு பிளாஸ்ரிக் பெட்டியின் மூடியைத் திறந்து காட்டினார். கறுத்த மண்ணுக்குள் என் பெருவிரலை விடத் தடித்த வெள்ளைப் புழு ஒன்று, சுருண்டு படுத்திருந்தது.

"இது தென்னையைத் தின்னுற கொம்பு வண்டின்ரை பிள்ளையெல்லோ. ஊரிலை எருவுக்குள்ளை கிண்டி எடுத்துக் கோழிக்குப் போடுவம்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

"கோழி விரும்பித் திண்டதோ? பாத்தனீங்களோ?"

"ஓம். அடிபட்டுத் திண்டதுகள்."

அவ்வளவுதான் நேர்முகப் பரீட்சை. அடுத்த திங்கட்கிழமை வரச் சொன்னார்.

அவர் பல்கலைக்கழகத்தில் படிப்பித்து ஓய்வு பெற்றவர். தென் அமெரிக்கக் காடுகளில் இருக்கும் கொம்பு வண்டு, சாணி வண்டு வகைகளின் பிள்ளைப் பருவத்தை எழுதுவதுதான் அவருடைய சீவியம். வண்டுகளைப் பிடித்து ஊசி குத்திப் பெயர் வைத்துவிட்டார்கள். எந்தப் புழு எந்த வண்டின் பிள்ளை என்பது பாதிக்கு மேல் யாருக்கும் தெரியாதாம். "வண்டா இருக்கிறது கொஞ்சக் காலம். புழுவாத்தான் வருசக்கணக்கா இருக்குது. கடைசிக் கொஞ்சக் காலத்துக்குப் பேரை வைச்சிட்டுப் போட்டினம்" என்று ஏதோ தன் சொந்தக்காரருக்கு அநியாயம் நடந்தது போலச் சொல்லுவார். உலகம் முழுக்க முகத்தைப் பார்த்து ஆளை அறிய, இவர் புழுவின் பின்பக்கத்தைப் பார்த்து அறிவார். அங்கேதான் சின்னச் சின்ன மயிர்கள் வரிசையாக நிற்குமாம், வகைக்கு ஒரு ஒழுங்காம். கண்ணாடிக்குக் கீழே வைத்து எண்ணுவார். "என்ன சினியோரா, மாப்பிள்ளை பாக்கிறியளோ?" என்று கேட்டால் சிரித்துவிட்டு விட்ட இடத்திலிருந்து திரும்ப எண்ணுவார்.

ஒரு கூட்டப் புழுக்களில் ஒன்றை, கெடாமல் வைத்துப் பார்த்து எழுதுவதற்காக, கொதிநீரில் போடவேண்டும். நேரே மதுசாரத்துக்குள் போட்டால் கறுத்துப்போகும். தண்ணீர் வைக்கிறது நான். போடுகிறது அவர். போடுமுன் அதைப் பார்த்து "ஸ்கூசா" என்று மன்னிப்புக் கேட்பார், ஒவ்வொரு முறையும். மிச்சத்தை வளர்ப்பார். வளர்ந்தது மண்ணுக்குள் முட்டை மாதிரி ஒரு கூடு கட்டி, உள்ளே கூட்டுப்புழுவாகி, வண்டாக வந்தால், செத்த பிள்ளைக்கும் பெயர் கிடைத்துவிடும். வண்டின் காலடியில் அது பிள்ளையாக இருந்தபோது கழற்றிய தோல் கசங்கிக் கிடக்கும். தோலும் வண்டும் ஒரே கூட்டுக்குள் இருந்தால்தான் இரண்டும் ஒன்று என்று ஒத்துக்கொள்வார். வராமல் செத்துவிட்டால், இன்ன வண்டாக இருக்கலாம் என்று உலகமே சொன்னாலும் இவர் சொல்லமாட்டார். தலை, தாடை, கால், மயிர் என்று எல்லாம் எழுதிவிட்டு, கடைசியில் ஒரு வரி: "முதிர்ந்த வண்டு: பார்க்கவில்லை."

கண் மங்கத் தொடங்கிய பிறகு இதையெல்லாம் கைத்தொலைபேசிக்குள் சொல்லிப் பதிந்தார். நான் பக்கத்து அறையில் இஸ்திரிப்பெட்டியால் உடுப்பு அழுத்திக்கொண்டு கேட்டுக் கேட்டு, கடைசி வரியை அவரோடு சேர்ந்து முணுமுணுக்கப் பழகியிருந்தேன்.

எனக்கு ஒரு மகன். அவன் தகப்பன் செத்த பிறகு, அவனைப் பதினொரு வயதில் தங்கச்சியிடம் விட்டுவிட்டு இங்கே வந்தேன். பெர்மெஸ்ஸோ, இங்கே தங்குகிற அனுமதி, கிடைத்ததும் கூப்பிடுவதுதான் எண்ணம். குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோரில் இன்று வா, நாளை வா என்று வருசங்கள் போயின. ஊரில் சண்டையின் கடைசி நாட்களில் ஆமிக்காரர் சனத்தைப் பஸ்களில் ஏற்றியபோது, அவனை மட்டும் இறக்கி வேறு பஸ்ஸில் ஏற்றியதைத் தங்கச்சி கண்டாள். அவனுக்கு அப்போது பதினேழு வயது. அதற்குப் பிறகு கண்டவர் ஒருவருமில்லை.

கோயிலில் ஒருவர், "அவன் ஆண்டவரிட்டைப் போட்டான், மனசைத் தேற்றுங்கோ" என்றார். இன்னொருவர், இரகசிய முகாம்களில் பிள்ளைகள் இருக்கிறார்கள், நம்பிக்கையை விடவேண்டாம் என்றார். சாத்திரம் பார்த்தவர் மேற்குத் திசையில் உயிரோடு இருப்பதாகச் சொன்னார். எல்லாருக்கும் தெரிந்திருந்தது. எனக்குத்தான் தெரியாது.

சினியோராவிடம் நான் சொன்னது தற்செயலாக. என் கைப்பையிலிருந்து மேசையில் விழுந்த அவன் படத்தை எடுத்து முகத்துக்குக் கிட்டப் பிடித்து, "இவர் இப்ப எங்கை?" என்று கேட்டார். சொன்னேன். ஐயோ பாவம் என்று ஒரு சொல் வரவில்லை. "இவரை நீங்கள் கடைசியாப் பாக்கேக்கை எப்பிடி இருந்தவர்? சொல்லுங்கோ" என்றார். அந்தக் குரல் எனக்குத் தெரியும். புழுவைக் கேட்கிற குரல். எனக்கு வந்த கோபத்துக்கு விளக்குமாற்றால் ஒன்று போட்டிருப்பேன்.

"என்ரை பிள்ளை உங்கடை புழு இல்லை, சினியோரா."

"இல்லை. அதுதான் கேக்கிறன்."

அன்று பின்னேரம் முழுக்கச் சொன்னேன். இடது காதுச் சோணை கன்னத்தோடு ஒட்டியது. குழாய்க்கிணற்றுப் பிடியில் அடிபட்டு முன்பல்லின் மூலை உடைந்தது. வலது முழங்காலில் சைக்கிள் சங்கிலி வெட்டிய பிறைத் தழும்பு. வெட்கம் வந்தால் சட்டைக் கழுத்தைக் கடிப்பான். சொல்லச் சொல்ல, "மேல்பல்லோ கீழ்ப்பல்லோ?" என்று இடையில் கேட்பார். அத்தனை வருசத்தில் அவன் இருக்கிறானா இல்லையா என்று சொன்னவர்கள்தான் எல்லாரும். அவன் எப்படி இருந்தான் என்று கேட்டவர் இந்த மனிசி ஒருத்திதான். முடிவில், "இருக்கிறானோ, சினியோரா?" என்று கேட்டேன்.

"நான் பாக்கேல்லை. நீங்களும் பாக்கேல்லை. செத்ததையும் ஒருத்தரும் பாக்கேல்லை. அப்ப ரெண்டும் சொல்லக்கூடாது."

இது ஆறுதலா? எனக்கு ஆறுதல்தான். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் நான் நிம்மதியாக நித்திரை கொள்ளத் தொடங்கினேன். அவனுக்காகச் சாந்தா ரொசாலியா மலைக்கு வெறுங்காலோடு ஏறினபோது சினியோராவும் பஸ்ஸில் வந்தார். கோயிலுக்குள் வரவில்லை. "உள்ளை வரமாட்டன். நீங்கள் வருமட்டும் இஞ்சை இருக்கிறன்" என்று வெளியே வெயிலில் குந்தியிருந்தார். நான் திரும்பி வந்தபோது என் செருப்பு இரண்டும் அவர் மடியில் இருந்தன.

அவர் வளர்த்த கடைசிப் புழு எக்குவடோரிலிருந்து அவருடைய பழைய மாணவி அனுப்பியது. அதோடு சேர்த்துச் சில புழுக்கள் சட்டப்படி அனுமதிக் கடிதங்களோடு வந்தன. "என்ரை பெர்மெஸ்ஸோவுக்கு என்னை நாயா அலைய விட்டவங்கள், உங்கடை புழுவுக்குக் கெதியிலை குடுத்திட்டாங்கள்" என்று சொன்னேன். "எங்கை கெதியா? பாதிப் புழு வழியிலையே செத்துப்போச்சுது" என்றார். அந்தப் புழுக்களை எடுத்த காடு இப்போது இல்லையாம், எரித்துத் தோட்டமாக்கிவிட்டார்களாம். ஒன்றைக் கொதிநீரில் போட்டு எழுதினார். ஒன்று கூடு கட்டியது. பொறுக்கமாட்டாமல் கூட்டில் ஓட்டை போட்டுப் பார்த்ததில் பூஞ்சணம் பிடித்துச் செத்தது. கடைசியில் ஒன்றே ஒன்று மிஞ்சியது. அதற்குத் தீன் தேடி இரண்டு பேரும் சியாகுல்லித் தோட்டங்களுக்குப் போய், பட்டுப்போன மண்டரின் மரங்களின் உக்கலைச் சாக்கில் அள்ளி வந்தோம். மூன்றாம் வருசம் அதுவும் கூடு கட்டி உள்ளே போனது. அந்த வருசம் சினியோராவின் பார்வையின் நடுவில் கறுப்பு விழுந்து, ஓரம் மட்டும்தான் தெரிந்தது. எதைப் பார்ப்பதென்றாலும் கோழி மாதிரித் தலையைச் சரித்துத்தான் பார்ப்பார்.

"இந்த முறை திறக்கிறதில்லை. தண்ணியும் தெளிக்கிறதில்லை, பூஞ்சணம் பிடிக்கும். வண்டானாப் பிறகுதான் மழை காட்டவேணும். மண் நனைஞ்சாத்தான் அது கூட்டை உடைச்சு வெளியாலை வரும். எப்ப எண்டு நான் சொல்லுறன்."

காலையில் பெட்டியில் காதை வைத்துக் கேட்பார். உள்ளே புரளும் சத்தம் கேட்டால் அன்று முழுக்க முகம் மலர்ந்திருக்கும். அதன் முதிர்ந்த உருவத்தைப் பார்த்துவிட்டுத்தான் கண் முழுக்கப் போகவேண்டும் என்று ஒரே ஒரு ஆசை அவருக்கு.

அந்த வசந்த காலத்தில்தான் தங்கச்சி தொலைபேசி எடுத்தாள்.

"அக்கா, இஞ்சை ஓரிடத்திலை தோண்டுகினம். எலும்புகள் வருகுது. உடுப்பு, செருப்பு எல்லாம் கழுவி மேசையிலை அடுக்கி வைச்சிருக்கினம். ஆக்கள் வந்து அடையாளம் பாக்கட்டாம்."

"நீ போய்ப் பாரன்."

"போனனான். வாசல் மட்டும் போயிட்டுத் திரும்பி வந்திட்டன். எனக்கு ஏலாது அக்கா. நீதானே தாய்."

தாய்தான். ஆனால் எனக்குத் தெரிந்தது பதினொரு வயதுப் பிள்ளையை. மேசையில் இருப்பது வளர்ந்தவனின் காற்சட்டை. அதை நான் கண்டதில்லை. என் கையால் தோய்த்ததில்லை. எதை வைத்து அடையாளம் சொல்வேன்? சினியோராவிடம் அப்படித்தான் சொன்னேன்.

"இந்தப் புழுக்களுக்கு ஒண்டும் மிஞ்சாது. தாடை போகும், கால் போகும், எல்லாம் புதுசா வரும். மனுசருக்கு அப்பிடியில்லை. பல்லு இருக்கும். மேல் முன்பல்லு, மூலை உடைஞ்சது. போய்ப் பாருங்கோ."

"உங்களை ஆர் பாக்கிறது?"

"என்னைச் சாட்டாச் சொல்லாதேங்கோ." முதல்முறை அவர் குரல் உயர்ந்தது. "பாக்கேல்லை எண்டு சொல்லுறதுக்கும் ஒரு உரிமை வேணும். தேடிப் பாத்தவைதான் அதைச் சொல்லலாம். கண்ணை மூடிக்கொண்டு இருந்திட்டுச் சொல்லக்கூடாது."

என் உயிரைப் பிடித்து வைத்திருந்த சொல்லை அவரே பறிக்கிறார். அழுத்திக்கொண்டிருந்த இஸ்திரிப்பெட்டியை டமாரென்று வைத்தேன்.

"அப்ப நீங்கள்? பெட்டிக்குள்ளை சத்தம் கேட்டு எத்தினை கிழமை? திறந்து பாக்கிறதுதானே! ஏன் பாக்கேல்லை?"

தலையைச் சரித்து என் பக்கம் பார்த்தார். பெட்டி மூடியில் கையை வைத்தார்.

"செத்திருந்தா?" என்றார் பிறகு. "ஓம். எனக்கும் பயம்தான்."

கோப்பி போட்டேன். இரண்டு பேரும் குடித்தோம். அதற்குப் பிறகு அவரும் தோண்டும் இடத்தைப் பற்றிக் கேட்கவில்லை, நானும் பெட்டியைப் பற்றிக் கேட்கவில்லை. தங்கச்சியின் அழைப்புகளும் குறைந்துபோயின.

ஆடி மாதம் சிரோக்கோ என்ற அனல் காற்று வீசி மலைப்பக்கம் எல்லாம் தீப்பிடித்தது. யன்னல்களைப் பூட்டியும் வீட்டுக்குள் சாம்பல் வந்தது. சினியோராவின் இதயம் அந்த வெக்கையைத் தாங்கவில்லை. கால் வீங்கி, மூச்சு முட்டி, படுக்கையில் விழுந்தார். ஆஸ்பத்திரிக்கு மாட்டேன் என்றார். நான் அங்கேயே தங்கிவிட்டேன். சில நேரம் என்னைத் தெரிந்தது, சில நேரம் பழைய மாணவியின் பெயரால் கூப்பிட்டார். பெட்டி கட்டிலுக்குப் பக்கத்து மேசையில் இருந்தது.

ஒருநாள் மத்தியானம், "தொலைபேசியைத் தாங்கோ, சொல்லவேணும்" என்றார். கொடுத்தேன். அது ஓஃப் ஆகிக் கிடந்தது, அவருக்குத் தெரியவில்லை. வாயருகே பிடித்துக்கொண்டு, புழுவை எழுதும் அதே நிதானமான குரலில் தொடங்கினார்.

"தலை: சிறியது. இடது காதுச் சோணை கன்னத்தோடு ஒட்டியது. மேல் முன்பல், மூலை உடைந்தது. வலது முழங்காலில் தழும்பு, பிறை வடிவம். வெட்கப்படும்போது சட்டைக் கழுத்தைக் கடிக்கும்."

நான் தண்ணீர்க் கோப்பையோடு அப்படியே நின்றுவிட்டேன். ஒரு சொல் தவறவில்லை. என் பிள்ளையை அத்தனை வருசமும் நெஞ்சுக்குள் வைத்திருந்திருக்கிறார். கடைசி வரி வரப்போகிறது என்று எனக்குத் தெரியும். என் வாயும் பழக்கத்தில் அதைச் சொல்ல ஆயத்தமானது.

மூச்சு எடுத்தார். "முதிர்ந்தது: பார்த்தாயிற்று."

"என்ன சொன்னனீங்கள்? எங்கை பாத்தனீங்கள், சினியோரா?"

"வளந்திட்டான். நல்ல உயரம்." என் கையைத் தேடிப் பிடித்தார். "நான் பாத்திட்டன். நீ போய் அலைய வேண்டாம்."

'நீ' என்றார். ஒரே ஒரு முறை.

மூளை குழம்பியதோ, என்மேல் பட்ட இரக்கமோ, எனக்குத் தெரியாது. பார்க்காத ஒன்றைச் சீவியத்தில் சொல்லாத மனிசி. அவர் சொன்னதை நம்பாமல் இருக்கவும் முடியவில்லை, நம்பவும் முடியவில்லை. மற்றவர்கள் சொன்னபோது நான் அழவில்லை. அன்று குசினிக்குள் போய், வாய்க்குள் துவாயை அடைத்துக்கொண்டு அழுதேன். இந்த ஒருத்தியும் எனக்குப் பொய் சொல்லும் அளவுக்கு என் நிலைமை வந்துவிட்டதே என்று அழுதேன்.

அந்தக் கிழமையே போய்விட்டார். செத்த வீட்டுக்குப் பிறகு அவருடைய தமக்கையின் மகன் வீட்டுத் திறப்போடு வந்தான். நல்ல பிள்ளை, என்னோடு சேர்ந்து கண்ணைத் துடைத்தான். பெட்டிகளைக் காட்டி, "இந்த மண்ணையெல்லாம் கொட்டிவிடுங்கோ" என்றான். அந்த ஒரு பெட்டியை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வுச்சீரியாவில் இருக்கும் என் அறைக்குக் கொண்டுவந்தேன்.

மேசையில் பேப்பர் விரித்து, பழம் வெட்டும் கத்தியால் கூட்டைக் கீறினேன். பூஞ்சணம் இருக்கவில்லை. உள்ளே வண்டு இருந்தது. முழு வண்டு. கறுத்து மினுங்கி, கொம்பு வளர்ந்து, கால்கள் ஆறும் ஒழுங்காக. காலடியில் பிள்ளைத் தோல் கசங்கிக் கிடந்தது. எல்லாம் சரியாக வந்திருந்தது. காய்ந்து செத்திருந்தது.

கூட்டின் உட்சுவரில் ஒரு பக்கம் முழுக்கச் சுரண்டிய கோடுகள். அந்த இடம் மட்டும் மெலிந்து போயிருந்தது. வளர்ந்து முடித்து, கொம்பால் சுரண்டிச் சுரண்டி, மழைக்காகக் காத்திருந்திருக்கிறது. எப்ப எண்டு நான் சொல்லுறன் என்றவர், சொல்ல மறந்து கட்டிலில் கிடந்தார். நான் பக்கத்தில் கோப்பையில் தண்ணீரோடு நின்றேன்.

பயத்தில் நாங்கள் பாராமல் விட்ட நாட்களில் எல்லாம் அது உயிரோடு இருந்திருக்கிறது. வண்டை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "ஸ்கூசா" என்றேன். அதற்கா, அவருக்கா, வேறு யாருக்காவதா என்று என்னைக் கேட்காதீர்கள்.

பிறகு தங்கச்சிக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"அந்த உடுப்புகள் இன்னும் மேசையிலை இருக்கோ?"

"இருக்கு அக்கா. இன்னும் தோண்டுகினம்."

"பல்லும் காட்டுவினமோ?"

"கேட்டாக் காட்டுவினம் எண்டு நினைக்கிறன். ஏன் அக்கா?"

"நான் வாறன்," என்றேன். "பாக்க."